ஒரு லென்ஸ், ஒரு ஃபிலிம் ஹோல்டர்: முள்வேலிக்குள் கேமரா செய்த டோயோ மியாடாகே

கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீடு, கடை, கார், ஆசையாக வளர்த்த நாய்க்குட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். திரும்பி வருவோமா, எப்போது வருவோம்? யாருக்கும் தெரியாது. இப்படி ஓர் உத்தரவு வந்தால் உங்க பெட்டியில் எதை வைப்பீங்க?

1942-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடின. லாஸ் ஏஞ்சலஸில் போட்டோ ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்த டோயோ மியாடாகே, துணிமணிகளோடு சேர்த்து இரண்டு பொருள்களை ஒளித்து எடுத்துப்போனார். ஒன்று லென்ஸ். இன்னொன்று ஷீட் ஃபிலிம் மாட்டும் ஹோல்டர்.

கேமராவை எடுத்துப்போகவில்லை. எடுத்துப்போயிருந்தால் மாட்டியிருப்பார். தேவையும் படவில்லை. இந்த இரண்டும் கையில் இருந்தால் மிச்சத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்று அவருக்குத் தெரியும். 19 வருஷம் ஸ்டூடியோ நடத்திய மனிதருக்கு அந்த நம்பிக்கைகூட இருக்காதா?

14 வயதில் கப்பல் ஏறியவர்

டோயோ மியாடாகே 1895-ல் ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள காகாவாவில் பிறந்தார். 1909-ல், 14 வயதில், அமெரிக்காவுக்கு வந்து லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினார். அங்கே ஜப்பானியர்கள் கூடி வாழ்ந்த பகுதிக்குப் பெயர் லிட்டில் டோக்கியோ. மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, கோயில், பத்திரிகை அலுவலகம் என்று ஒரு குட்டி ஜப்பானே அங்கே இருந்தது.

போட்டோகிராபி மேல் ஆசை வந்ததும் ஹாரி ஷிகேடா என்ற கலைஞரிடம் தொழில் கற்றார். 1923-ல் லிட்டில் டோக்கியோவில் விலைக்கு வந்த ஒரு ஸ்டூடியோவை வாங்கினார். அந்தக் கடைக்கு ஏற்கெனவே டோயோ ஸ்டூடியோ என்றுதான் பெயர். போர்டு மாற்றும் செலவு மிச்சம்!

கல்யாணம், குழந்தை, குடும்ப குரூப் போட்டோ. ஸ்டூடியோவின் சாப்பாடு இதில்தான் வந்தது. ஆனால், மனசு வேறு பக்கமும் ஓடியது. நடனக் கலைஞர் மிச்சியோ இட்டோவை அவர் எடுத்த படங்களில் வெளிச்சமும் நிழலும்தான் ஹீரோ. அமெரிக்க போட்டோகிராபியின் பெரிய பெயர்களில் ஒருவரான எட்வர்ட் வெஸ்டனோடு நட்பு இருந்தது. 1920-களில், வெஸ்டனின் படங்களை வாங்க ஆள் அதிகம் இல்லாத காலத்தில், லிட்டில் டோக்கியோவில் அவருக்குக் கண்காட்சி வைத்தது மியாடாகேவும் அவருடைய நண்பர்களும்தான். 1932-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தபோது ஜப்பானின் ஆசாஹி நாளிதழுக்காகவும் படம் எடுத்தார்.

இவ்வளவு இருந்தும் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: அமெரிக்கக் குடியுரிமை. ஜப்பானில் பிறந்தவர்கள் எத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தாலும் குடியுரிமை பெற முடியாது என்பது அன்றைய சட்டம். 1952 வரை இதுதான் நிலை. அமெரிக்க மண்ணில் பிறந்ததால் அவருடைய பிள்ளைகள் அமெரிக்கர்கள். அப்பா மட்டும் அந்நியர்.

ஒரு ஷீட், ஒரே ஒரு படம்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். ஃபிலிம் ஹோல்டர் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் மியாடாகே செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீங்க. மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு பெரிய பெட்டி, அதன் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒருவர். அதுதான் லார்ஜ் ஃபார்மெட் கேமரா. அதில் சுருள் ஃபிலிம் கிடையாது. போஸ்ட் கார்டு மாதிரி தனித்தனியாக வெட்டிய ஷீட் ஃபிலிம்தான். பரவலாகப் புழங்கும் அளவு 4-க்கு 5 அங்குலம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டத்தைவிட இதன் பரப்பு சுமார் 15 மடங்கு பெரியது. அதனால்தான் அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்களில் புடவைக் கரையின் இழைகூடத் தெரிகிற மாதிரி அத்தனை துல்லியம். நெகட்டிவ் பெரிதாக இருப்பதால் அதன் மேலேயே பென்சிலால் டச்சப் செய்யலாம். அன்றைய ஃபில்டர் அதுதான்!

ஆனால், பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஃபிலிமை ஹோல்டரில் மாட்டுவதைக் கும்மிருட்டில்தான் செய்ய வேண்டும். கண்ணுக்கு வேலையே இல்லை, எல்லாம் விரல் நுனியில். ஷீட்டின் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டுக்குறிகள் இருக்கும். உயரவாக்கில் பிடித்தால் அந்தக் குறிகள் வலது கை மேல் மூலையில் தட்டுப்பட வேண்டும். அப்படி இருந்தால் மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்த்து இருக்கிறது என்று அர்த்தம். குறிகளின் வடிவத்தை வைத்தே எந்த வகை ஃபிலிம் என்றும் சொல்லிவிடலாம்.

ஒரு ஹோல்டரில் முன்பக்கம் ஒரு ஷீட், பின்பக்கம் ஒரு ஷீட். மொத்தமே இரண்டு படங்கள். ஒவ்வொரு ஷீட்டையும் டார்க் ஸ்லைடு என்ற மெல்லிய தகடு மூடியிருக்கும். அந்தத் தகட்டின் கைப்பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் ஃபிலிம் இன்னும் எடுக்காதது. கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது. இதை மறந்து குழப்பிக்கொண்டால் ஒரே ஷீட்டில் இரண்டு படம் விழுந்து இரண்டுமே பாழ்.

படம் எடுப்பது எப்படி? கேமராவின் பின்னால் இருக்கும் மங்கலான கண்ணாடியில் எதிரே உள்ள காட்சி தலைகீழாகத் தெரியும். துணிக்குள் தலையை விட்டு அதைப் பார்த்து, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு லென்ஸை மூடிவிட்டு, ஹோல்டரைச் செருகி, டார்க் ஸ்லைடை உருவி, வெளிச்சத்தை அளவாக உள்ளே விட்டு, மறுபடி ஸ்லைடைச் செருகணும். ஹோல்டரைச் செருகிய பிறகு கண்ணாடியில் எதுவும் தெரியாது. எதிரே இருப்பவர் நகர்ந்தாரா, கண்ணை மூடினாரா என்பதை நேரில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இதில் கேமரா என்பது எது? முன்னால் லென்ஸ், பின்னால் ஃபிலிம் ஹோல்டர். நடுவில் இருப்பது வெளிச்சம் புகாத ஒரு காலி இடம், அவ்வளவுதான். அந்தக் காலி இடத்தை மரப்பலகை இருந்தால் எங்கே வேண்டுமானாலும் உண்டாக்கலாம். லென்ஸை அப்படிச் செய்ய முடியாது. ஃபிலிமை இருட்டிலேயே வைத்திருந்து, சரியான இடத்தில் அசையாமல் பிடிக்கும் ஹோல்டரையும் கைக்கு வந்தபடி செய்துவிட முடியாது. மியாடாகே பெட்டியில் இந்த இரண்டும் போனதன் காரணம் இதுதான்.

கேமரா வைத்திருந்தால் குற்றம்

1941 டிசம்பர் 7. ஹவாயில் இருந்த பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. அடுத்த நாளே அமெரிக்கா போரில் இறங்கியது. உள்ளூர் ஜப்பானியர்கள் மேல் சந்தேகம் திரும்பியது. 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட 9066 என்ற உத்தரவின் பேரில், சுமார் 1,20,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை.

ஆயுதங்களோடு சேர்த்து ரேடியோவும் கேமராவும் தடை செய்யப்பட்ட பொருள்கள் ஆயின. ஜப்பானியர் கையில் கேமரா இருந்தால் உளவு வேலை என்று அர்த்தம். கேமராவை வைத்தே பிழைத்த ஒரு மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

மியாடாகே குடும்பம் மான்சனார் முகாமுக்குப் போனது. கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்தில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் பாலைநிலம். வெயில் காலத்தில் தகிக்கும். குளிர் காலத்தில் உறையும். இரண்டுக்கும் நடுவே புழுதிக் காற்று. தார்த்தாள் போர்த்திய மரக் கொட்டகைகளில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள். சுற்றிலும் முள்வேலி, எட்டு காவல் கோபுரங்கள், துப்பாக்கியோடு சிப்பாய்கள்.

அங்கே போன பிறகு மியாடாகே தன் மூத்த மகன் ஆர்ச்சியைக் கூப்பிட்டு, ஒளித்துக் கொண்டுவந்த லென்ஸையும் ஹோல்டரையும் காட்டினார். இங்கே நடப்பதைப் பதிவு செய்வது ஒரு போட்டோகிராபராகத் தன் கடமை, இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்றால் அதற்குச் சாட்சி வேண்டும் என்று மகனிடம் சொன்னார். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஆர்ச்சி பல வருஷம் கழித்து இதை உலகத்துக்குச் சொன்னார்.

குழாய் முனையில் லென்ஸ்

முகாமில் இருந்த தச்சர் ஒருவரின் உதவியோடு மரத்தில் ஒரு பெட்டி தயாரானது. ஃபோகஸ் செய்ய லென்ஸ் முன்னும் பின்னும் நகர வேண்டுமே! கடையில் வாங்கும் கேமராவில் இதற்கு ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த பெல்லோஸ் இருக்கும். மியாடாகே மரை போட்ட குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து அதில் லென்ஸைப் பொருத்தினார். திருகினால் உள்ளே போகும், எதிர்ப் பக்கம் திருகினால் வெளியே வரும். பார்ப்பவர்களுக்கு அது சாப்பாட்டு டப்பா மாதிரி ஒரு மரப்பெட்டி. அவருக்கு அது கேமரா.

அடுத்த சிக்கல் ஃபிலிம். முகாமுக்குள் வந்து போகிற வெளியாள் ஒருவர் மூலம் ஃபிலிமும் டெவலப் செய்யும் மருந்துகளும் ரகசியமாக உள்ளே வந்தன. கேட்டவுடன் கேட்ட அளவுக்குக் கிடைக்கிற விஷயமா அது? ஒவ்வொரு ஷீட்டும் ரேஷன் அரிசி மாதிரி.

இதில் புழுதியையும் சேர்த்துக்கோங்க. ஷீட் ஃபிலிமுக்கு முதல் எதிரி தூசி. மாட்டும்போது ஃபிலிம் மேல் ஒரு துகள் உட்கார்ந்தால் போதும், அந்த இடத்தில் வெளிச்சம் படாது. பிரின்ட்டில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். டார்க்ரூமைத் துடைத்துப் பெருக்கி, காற்று அடங்கக் காத்திருந்து, பிறகு ஹோல்டரைத் திறப்பார்கள் ஸ்டூடியோக்காரர்கள். மான்சனாரிலோ பலகை இடுக்கு வழியாகப் புழுதி வீட்டுக்குள்ளேயே வந்து படுக்கும்.

இன்று நாம் ஒரு பூனைக்கு 40 படம் எடுத்து, அதில் ஒன்றை வைத்துக்கொண்டு 39-ஐ அழிக்கிறோம். மியாடாகேவின் ஹோல்டரில் இரண்டே இரண்டு ஷீட். எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்று முடிவு செய்வதுதான் அங்கே கஷ்டமாக இருந்திருக்கும்.

பட்டனை அமுக்க ஓர் ஆள்

ரகசியம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? விஷயம் முகாம் நிர்வாகத்தின் காதுக்குப் போனது. ஆனால், தண்டனைக்குப் பதிலாக ஒரு விநோதமான ஏற்பாடு வந்தது. முகாம் இயக்குநர் ரால்ஃப் மெரிட் கொஞ்சம் மனிதத்தன்மை உள்ளவர். மக்களுக்கும் போட்டோ தேவைப்பட்டது. முள்வேலிக்குள்ளும் கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது. முகாம் இருந்த காலத்தில் 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்தன. இதையெல்லாம் படம் எடுக்க ஒரு ஸ்டூடியோ வேண்டாமா?

மியாடாகேவுக்கு அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆட்களை நிறுத்தலாம், ஃபோகஸ் செய்யலாம், ஃபிலிம் மாட்டலாம். ஆனால், ஷட்டரை மட்டும் வெள்ளைக்கார உதவியாளர் ஒருவர்தான் அமுக்க வேண்டும்!

லார்ஜ் ஃபார்மெட் தெரிந்த யாருக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். இந்த வகை போட்டோகிராபியில் ஷட்டர் அமுக்குவதுதான் இருப்பதிலேயே சின்ன வேலை. எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்துக்குக் காத்திருப்பது, எது ஷார்ப்பாக இருக்கணும், எவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருக்கணும் எல்லாம் முடிவான பிறகு வருவது அந்த க்ளிக். படம் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. சட்டம் ஒரு விரலைத்தான் தடுத்தது. கண்ணைத் தடுக்க அதற்குத் தெரியவில்லை.

இந்தக் கூத்து ரொம்ப நாள் ஓடவில்லை. நிபந்தனை தளர்ந்து, கடைசியில் மியாடாகேவே முழுப் பொறுப்போடு படம் எடுக்கத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் விட்டுவந்த சாமான்களும் வந்து சேர்ந்தன. கைதியாக உள்ளே வந்தவர் முகாமின் அதிகாரபூர்வ போட்டோகிராபர் ஆனார்.

அப்போது எடுத்த படங்களில் மனசைப் பிசைவது ராணுவ உடையில் இருக்கும் பிள்ளைகளின் படங்கள்தான். முகாம்களில் இருந்தே இளைஞர்கள் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குச் சண்டை போடப் போனார்கள். மகன் அமெரிக்காவுக்காகத் துப்பாக்கி தூக்கப் போகிறான். அப்பா அம்மாவை அதே அமெரிக்கா வேலிக்குள் வைத்திருக்கிறது. கிளம்பும் முன் ஒரு போட்டோ. திரும்பி வராமல் போனால் வீட்டில் மிஞ்சப்போவது அது ஒன்றுதான். அந்த ஷீட்டை மாட்டும்போது மியாடாகேவின் விரல்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கும்!

ஒரு முகாம், மூன்று கேமரா

மான்சனாரை இன்னும் இரண்டு ஜாம்பவான்கள் படம் எடுத்திருக்கிறார்கள். 1942-ல் டோரோதியா லாங் வந்தார். பஞ்சத்தில் அடிபட்ட தாயின் படத்தால் உலகப் புகழ் பெற்றவர். அரசே சம்பளம் கொடுத்து அனுப்பியது. அவர் எடுத்ததைப் பார்த்ததும் அரசுக்கே சங்கடமாகிவிட்டது. போர் முடியும்வரை அந்தப் படங்களை வெளியே விடாமல் ராணுவம் முடக்கி வைத்தது.

1943-ல் வந்தவர் ஆன்சல் ஆடம்ஸ். மலை, நிலா, மேகம் என்று லார்ஜ் ஃபார்மெட்டில் இயற்கையைப் படம் எடுப்பதில் மன்னர். மெரிட் அவருக்கு நண்பர். ஆனால், காவல் கோபுரம், முள்வேலி, ஆயுதம் தாங்கிய சிப்பாய் எதையும் எடுக்கக் கூடாது என்று தடை. அவர் மக்களின் முகங்களை எடுத்தார், பின்னால் நின்ற மலைகளை எடுத்தார். மியாடாகேவையும் அவர் குடும்பத்தையும்கூட எடுத்தார். 1944-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. இந்த மக்களும் உங்களைப் போன்ற அமெரிக்கர்கள்தான் என்று போர்க்காலத்தில் வாதாடிய துணிச்சலான புத்தகம் அது.

லாங், ஆடம்ஸ் இருவரும் வேலை முடிந்ததும் முகாம் கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போனவர்கள். மியாடாகே அங்கேயே இருந்தார். காலையில் எல்லோரோடும் சாப்பாட்டு வரிசையில் நின்றார். அவர் ஃபிரேமில் கோபுரமும் வந்தது, வேலியும் வந்தது, வேலியைத் தாண்டிப் பார்க்கும் கண்களும் வந்தன.

அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் 1944-ல் எடுத்தது. மூன்று சிறுவர்கள் முள்வேலி ஓரமாக நிற்கிறார்கள். பின்னால் தூரத்தில் காவல் கோபுரம். அதற்கும் பின்னால் மலை. ஒரு பையனின் கை கம்பியைப் பிடித்திருக்கிறது. அழுகை இல்லை, கத்தல் இல்லை. கேமரா எங்கே இருக்கிறது என்று கவனிச்சீங்கன்னா புரியும்: வேலிக்கு வெளியே. படம் எடுப்பதற்காகச் சில நிமிஷம் வெளியே வந்த கைதி, உள்ளே நிற்கும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கிறார். சுதந்திரமாக நின்ற அந்தச் சில நிமிஷத்தையும் வேலியைக் காட்டவே செலவழித்திருக்கிறார்.

இன்னொரு படம், முகாம் பள்ளியின் ஆண்டு மலருக்காக எடுத்தது. முள்கம்பியை வெட்டத் தயாராக ஒரு கை, கையில் கட்டிங் பிளேயர். வேறொன்றும் இல்லை. ஆண்டு மலரில் இதைவிடப் பெரிதாக என்ன எழுதிவிட முடியும்?

மறுபடியும் லிட்டில் டோக்கியோ

1945 நவம்பரில் மான்சனார் மூடப்பட்டது. மியாடாகே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பியது. பலருக்குத் திரும்பிப் போக வீடே இல்லாமல் போயிருந்தது. இவர்களுடைய வீடு தப்பியிருந்ததால் இடம் இல்லாத மற்ற குடும்பங்களுக்கும் அங்கே அடைக்கலம் கிடைத்தது. லிட்டில் டோக்கியோவில் ஸ்டூடியோ மறுபடி திறந்தது. மறுபடியும் கல்யாணம், குழந்தை, குரூப் போட்டோ. முகாமில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து, கல்யாணப் படம் எடுக்க வரும் வயதை எட்டினார்கள்.

முகாம் நெகட்டிவ்கள் நெடுநாள் அமைதியாகவே கிடந்தன. அந்த நாள்களைப் பற்றி வீட்டில்கூடப் பேசாத தலைமுறை அது. அவமானமும் வலியும் வாயைக் கட்டிப்போட்டிருந்தன. 1970-களில் பேரப்பிள்ளைகள் வயதில் இருந்தவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தபோது, காட்டுவதற்குச் சான்று தேவைப்பட்டது. 1978-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் ஆடம்ஸின் படங்களும் மியாடாகேவின் படங்களும் சேர்ந்து ஒரே கண்காட்சியாக வந்தன. ஒரே இடம், இரண்டு பார்வை. அடுத்த வருஷம், 1979-ல், மியாடாகே காலமானார். ஸ்டூடியோவை ஆர்ச்சி தொடர்ந்து நடத்தினார்.

அவர் பார்க்காமல் போனது ஒன்று உண்டு. 1988-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. முகாம்களில் இருந்து, அப்போது உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடு தந்தது. 1992-ல் மான்சனார் தேசிய வரலாற்றுத் தலம் ஆனது.

இன்று லிட்டில் டோக்கியோவுக்குப் போனால், ஜப்பானிய அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகப் பகுதியில் தெருவோரமாக வெண்கலத்தில் ஒரு கேமரா நிற்பதைப் பார்க்கலாம். மியாடாகே முகாமில் வைத்திருந்த கேமராவின் பெரிய வடிவம் அது. 1993-ல் நொபுஹோ நாகசாவா என்ற சிற்பி செய்தது. இரவானால் அதிலிருந்து அவர் எடுத்த படங்கள் எதிரே இருக்கும் ஜன்னலில் ஒளியாக விழும்படி அமைத்தார்கள். உள்ளே வெளிச்சத்தை வாங்கிய பெட்டி, இப்போது வெளியே வெளிச்சத்தைத் தருகிறது.

ஷீட் ஃபிலிம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. கோடாக்கும் இல்ஃபோர்டும் இப்போதும் 4-க்கு 5 அளவில் தயாரிக்கிறார்கள். மூலையில் அதே மாதிரி வெட்டுக்குறி, அதே கும்மிருட்டு, ஒரு ஹோல்டருக்கு அதே இரண்டு ஷீட். யாராவது ஒருவர் இருட்டில் விரலால் அந்தக் குறியைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம், மான்சனார் கொட்டகையில் மியாடாகேவின் விரல்கள் செய்த அதே வேலையைத்தான் செய்கிறார்.